வரியா, சிக்கனமா? – அரசின் பற்றாக்குறை வழக்கும் நம் மக்களின் வரலாறும்

ஓர் அரசின் உள்ளக்கிடக்கையை அறிய விரும்புவோர் அதன் மேடைப்பேச்சைக் கேட்பதைக் காட்டிலும் அதன் வரவு செலவுக் கணக்கைப் படிப்பதே சாலச் சிறந்தது. பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததை முறையாகப் பங்கிடுதல் என்னும் நான்கையும் அரசின் கடமைகளாக வள்ளுவப் பெருந்தகை வகுத்தார். வருவாயின் வழி சிறிதாயினும் கேடில்லை, செலவின் வழி அதனினும் அகலாதிருந்தால் போதும் என்றும் அவர் அறிவுறுத்தினார். இன்று ‘பற்றாக்குறை’ என்று நாம் வழங்கும் சொல்லின் முழுப்பொருளும் அந்த அறிவுரைக்குள் அடங்கியிருக்கிறது.

எனினும், நம் இளைஞர்களில் பலர் வரவு செலவுத் திட்டம் என்றதும் அது பொருளாதாரம் படித்தவர்களுக்குரியது என்று ஒதுங்கிவிடுகின்றனர். நாளேட்டில் எந்தப் பொருள் விலை ஏறும், எது இறங்கும் என்ற பெட்டிச் செய்தியை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்திற்குச் செல்கின்றனர். இது நமக்குப் பெருநட்டம் விளைவிப்பதாகும். ஏனெனில், அரசுக்குத் துண்டு விழுந்தபோதெல்லாம் அதை அடைக்க வழங்கியவர்களின் வரிசையில் நம் முன்னோர் முதலிடத்தில் நின்றனர். அரசு செலவைச் சுருக்கியபோதெல்லாம் இழந்தவர்களின் வரிசையிலும் அவர்களே முதலிடத்தில் நின்றனர். இவ்வெள்ளிவிழா மலரில் அந்த வரலாற்றைச் சுருங்க எடுத்துரைக்க முற்படுகிறோம்.

பற்றாக்குறை என்பது யாது?

அரசின் வரவைவிடச் செலவு மிகுமானால் பற்றாக்குறை தோன்றுகிறது. அதை நேர்செய்ய மூன்று வழிகளே உண்டு. வரியைக் கூட்டலாம்; செலவைக் குறைக்கலாம்; கடன் வாங்கலாம். பணத்தை அச்சடித்துச் செலவிடுவதும் ஒருவகைக் கடனே. அந்தக் கடனை விலைவாசி உயர்வின் வாயிலாக மக்கள் திருப்பிச் செலுத்துகின்றனர். அன்றாடக் கூலியில் அரிசி வாங்குபவன்தான் அதில் முதலில் அடிபடுகிறான்.

கடன் வாங்குவது முற்றிலும் தீது என்று சொல்வதற்கில்லை. கடன் வாங்கிக் கிணறு வெட்டியவனும், கடன் வாங்கி விருந்து வைத்தவனும் கடன்காரர்களே. ஆயினும், முன்னவனுக்குக் கிணறு எஞ்சுகிறது. அன்றாடச் செலவுக்கே வருவாய் போதாமையை ‘வருவாய்ப் பற்றாக்குறை’ என்றும், மொத்தத்தில் கடன் வாங்க வேண்டிய அளவை ‘நிதிப் பற்றாக்குறை’ என்றும் அறிஞர் பிரித்துரைப்பது இதனாலேயே.

ஆகவே, அரசுக்குத் துண்டு விழும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ‘வரியா, சிக்கனமா?’ என்பதுடன் முடிந்துவிடலாகாது. ‘யாரிடம் வரி? எதில் சிக்கனம்?’ என்று அது விரிய வேண்டும்.

1860: சென்னையில் எழுந்த வழக்கு

இந்திய நாட்டில் இவ்வழக்கு முதன்முதலில் பெரிதாக வெடித்த ஆண்டு 1860. அதன் ஒரு முனை கல்கத்தா. மறுமுனை நம் சென்னை. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்க ஆங்கில அரசு பெரும்பொருளைச் செலவிட்டது. மூன்றே ஆண்டுகளில் ஏற்பட்ட பற்றாக்குறை 3 கோடி பவுண்டைத் தாண்டியது. கடன் 3 கோடியே 84 இலட்சம் பவுண்டு கூடியது. அக்காலத்தில் ஒரு பவுண்டு பத்து ரூபாய்க்குச் சமம். வரும் ஆண்டிலும் 65 இலட்சம் பவுண்டு துண்டு விழும் என்று கணக்கிடப்பட்டது.

இதைச் சீர்செய்யும் பொருட்டு இலண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பார் நிதி உறுப்பினராக அனுப்பப்பட்டார். ‘எக்கனாமிஸ்ட்’ இதழை 1843-இல் தொடங்கியவர் இவரே. 1860 பிப்ரவரியில் தம் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்த இவர் மூன்று புதிய வரிகளை முன்மொழிந்தார். அவை வருமான வரி, தொழில் செய்வோருக்கான உரிம வரி, புகையிலை வரி என்பன. ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைவாக ஈட்டுவோருக்கு வருமான வரி இல்லை. அதற்குமேல் 500 ரூபாய் வரை நூற்றுக்கு 2 என்றும், 500-க்கு மேற்பட்டால் நூற்றுக்கு 4 என்றும் விகிதம் வகுக்கப்பட்டது. மன்னன் வரி விதித்தல் இந்நாட்டு மரபே என்று காட்ட அவர் மனுவின் நூலைச் சான்றுக்கு அழைத்தார். நம்மவர் பொருள் சேர்ப்பதையே குற்றமாக்கிய அந்நூல் பொருள் சேர்த்தோர்மீது வரி விதிக்கச் சான்றாக நின்றது காலத்தின் விந்தை எனலாம்.

அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் சர் சார்லஸ் டிரெவெலியன். அவர் இவ்வரிகளை வன்மையாக எதிர்த்தார். பற்றாக்குறைக்கு மருந்து புதிய வரியன்று, படைச் செலவைக் குறைப்பதே என்பது அவர் வாதம். தங்களுக்கென ஒரு மன்றமும் இல்லாத மக்கள்மீது அவர்கள் அறியாத வரிகளைச் சுமத்துவது பேராபத்து என்றும் அவர் எழுதினார். அத்துடன் நில்லாமல் தம் எதிர்ப்புக் குறிப்பைச் செய்தித்தாள்களிலும் வெளியிட்டுவிட்டார். ஓர் ஆளுநர் மேலரசின் கொள்கையை வெளிப்படையாக மறுத்ததை இலண்டன் பொறுக்கவில்லை. அவ்வாண்டிலேயே அவர் திருப்பி அழைக்கப்பட்டார். வில்சனோ ஆகஸ்டு மாதத்தில் கல்கத்தாவில் நோயுற்று மாண்டார்.

இவ்விருவரில் யார் பக்கம் நியாயம்? டிரெவெலியனின் வாதம் கேட்பதற்கு இனியது. படையைக் குறை என்பவர் மக்களின் நண்பரல்லவா? ஆயினும் நாம் மற்றொன்றையும் நோக்க வேண்டும். வருமான வரி வருமுன் இந்நாட்டில் வரியே இல்லாதிருக்கவில்லை. நில வரி இருந்தது. அதன் பளு குத்தகையாகவும் வாரமாகவும் கீழிறங்கி உழுபவன் முதுகில் தங்கியது. உப்பு வரி இருந்தது. அதைப் பண்ணையாளும் பண்ணையாரும் ஒரே விகிதத்தில் செலுத்தினர். வெயிலில் வியர்வை சிந்துபவனுக்கு உப்பின் தேவை மிகுதி என்பதால் ஏழையின் பங்கு வருவாய் நோக்கில் பன்மடங்கு பெரிதாயிற்று. செல்வர்களையும் வணிகர்களையும் உயர் அலுவலர்களையும் நேராகத் தொட்ட வரி வில்சனுடையதே. கூச்சலும் அவர்களிடமிருந்தே எழுந்தது.

பின் நிகழ்ந்தவை இதை மெய்ப்பிக்கின்றன. படைச் செலவு உண்மையிலேயே குறைக்கப்பட்டது. வருமான வரி 1865-இல் காலாவதியாக விடப்பட்டது, 1869-இல் மீண்டது, 1873-இல் மறுபடியும் நீக்கப்பட்டது, 1886-இல்தான் நிலைத்தது. அப்போதும் வேளாண் வருமானத்திற்கு விலக்கு அளிக்கப்பட்டமையால் பெருநிலக்கிழார்கள் தப்பினர். உப்பு வரியோ ஒரு நாளும் காலாவதியாகவில்லை. 1859-க்குப் பின் உயர்த்தப்பட்ட அவ்வரி, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உட்பட்டு, 1947 வரை நீடித்தது. பேச வாயுள்ளவன்மீது விதித்த வரி வந்து வந்து போயிற்று. வாயற்றவன்மீது விதித்த வரி நிலைத்து நின்றது.

சிக்கனத்தின் இரு முகங்கள்

டிரெவெலியனின் வரலாற்றில் மற்றோர் ஏடும் உண்டு. சென்னைக்கு வருமுன், 1840-களில் அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்கு நோயால் கொடும்பஞ்சம் ஏற்பட்டபோது, இலண்டன் கருவூலத்தில் நிவாரணச் செலவை மேற்பார்வையிட்டவர் அவரே. அங்கே அவர் கடைப்பிடித்த கடுஞ்சிக்கனத்தை வரலாற்றறிஞர் பலர் இன்றும் கண்டிக்கின்றனர். சென்னையில் படையைக் குறைக்கச் சொன்ன அதே கை, அயர்லாந்தில் பசித்தவனின் கஞ்சியை அளந்தது. சிக்கனம் என்னும் சொல் தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அந்தச் சிக்கனத்தின் கொடிய முகத்தை நம் மாகாணம் 1876 முதல் 1878 வரை கண்டது. தாது வருடப் பஞ்சம் என்று நம் மூதாட்டியர் சொல்லி வந்தது அதுவே. பஞ்சச் செலவைக் கட்டுப்படுத்த இந்திய அரசு சர் ரிச்சர்டு டெம்பிள் என்பாரை 1877 தொடக்கத்தில் சென்னைக்கு அனுப்பியது. இவர் 1874-இல் பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துத் தாராளமாகச் செலவிட்டு உயிர்களைக் காத்தவர். அதற்காகவே ஊதாரி என்று பழிக்கப்பட்டார். அப்பழியைத் துடைக்க வேண்டி, சென்னையில் அவர் மறுகோடிக்குச் சென்றார். நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இவ்வளவில் உழைப்பவன் உயிர் தாங்காது என்று புள்ளிகளுடன் மறுத்துரைத்தார். சில மாதங்களில் அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனை உயிர்கள் மெலிந்து மடிந்தன என்பதை யார் எண்ணினர்? பிரிட்டிஷ் இந்தியாவில் அப்பஞ்சத்தில் மாண்டோர் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் என்பது பஞ்ச ஆணையத்தின் கணக்கு. நிலமற்ற கூலியாட்களே அதில் மிகுதி. அக்கூலியாட்களில் நம்மவர் எத்தகைய பங்கினர் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அண்ணல் அம்பேத்கர் எடுத்த அளவுகோல்

அண்ணல் அம்பேத்கரைச் சட்டமேதையாக நாம் அறிவோம். அவர் முதலில் பயின்றது அரசின் நிதியியலே என்பதை நம்மில் பலர் அறியார். 1915-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியையும் நிதியையும் பற்றியது. 1925-இல் வெளிவந்த அவருடைய நூல் பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி வளர்ந்த வரலாற்றை ஆராய்வது. 1833 முதல் 1871 வரை நாட்டின் நிதி முழுவதும் நடுவரசின் கையில் குவிந்திருந்ததையும், அக்காலத்தில் பற்றாக்குறை தீராத நோயாக இருந்ததையும் அவர் அதில் எடுத்துக்காட்டினார். வரிமுறை ஏழையை நசுக்கியது. செலவோ படைக்கும் போருக்கும் போயிற்று. நாட்டை வளர்க்கும் பணிகளுக்கு எஞ்சியது சொற்பம். செல்வாக்குள்ள வகுப்பினரின் மனம் கோணுமே என்றஞ்சிச் சமுதாயச் சீர்திருத்தத்தில் கைவைக்கத் துணியாத அரசு அது என்றும் அவர் முடிவு கண்டார்.

சென்னை மாகாணத்திற்கு இதில் தனித்த வேதனை ஒன்று உண்டு. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்பின் கல்வி முதலிய துறைகள் இந்திய அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆனால் நடுவரசின் பற்றாக்குறையை நிரப்ப மாகாணங்கள் ஆண்டுதோறும் 983 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று மெஸ்டன் குழு வகுத்தது. அதில் சென்னையின் பங்கு மட்டும் 348 இலட்சம். அதாவது மூன்றிலொரு பங்குக்கு மேல். ஆதிதிராவிடர் குழந்தைகளுக்குப் பள்ளி, குடிநீர்க் கிணறு, குடியிருப்பு மனை என்ற குரல்கள் சட்டமன்றத்தில் எழத் தொடங்கிய காலம் அது. துறை கைக்கு வந்தது. துட்டு கைக்கு வரவில்லை. அப்பங்களிப்பு 1928-29-இல்தான் முற்றிலும் நீங்கியது.

இதனிடையே 1923-இல் நடுவரசு தன் பற்றாக்குறையை ஈடுகட்ட மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த உப்பு வரியை இரண்டரை ரூபாயாக இரட்டித்தது. இஞ்ச்கேப் குழு செலவைக் குறைக்கப் பல வழிகள் கூறியிருந்தும், சட்டப் பேரவை மறுத்திருந்தும், வைசிராய் ரீடிங் தம் தனியதிகாரத்தால் அதை நிறைவேற்றினார். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் அடுத்த ஆண்டே அது பழைய அளவுக்கு இறங்கியது.

1927-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கல்விக்கான ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசிய அண்ணல், எளிய கணக்கொன்றை எடுத்து வைத்தார். கல்விக்காக அரசு தலைக்குச் செலவிடுவது 14 அணா. மது வரியாகத் தலைக்கு வாங்குவதோ 2 ரூபாய் 2 அணா 9 பை. மக்களிடமிருந்து மதுவின் பேரால் எவ்வளவு எடுக்கிறீர்களோ, அவ்வளவையேனும் அவர்கள் கல்விக்குத் திருப்பித் தாருங்கள் என்பதே அவர் கோரிக்கை. கூடுதல் வரியும் கேட்கவில்லை. வெறும் சிக்கனமும் கேட்கவில்லை. எடுக்கும் இடத்தையும் கொடுக்கும் இடத்தையும் ஒரே தராசில் வைத்தார். நாம் கையில் ஏந்த வேண்டிய அளவுகோல் இதுவே.

நம் மாநிலத்தின் அனுபவம்

சென்னை மாகாணத்தின் வருவாயில் ஏறத்தாழக் கால் பங்கு மது வரியாக வந்த காலத்தில், 1937 அக்டோபர் முதல் நாள், இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் அத்தகைய பொது விற்பனை வரிக்கு அதுவே முன்னோடி. வணிகர் எதிர்த்தனர், வரி நிலைத்தது. மதுவிலக்கோ 1948-இல் மாகாணமெங்கும் பரவி, 1971-இல் நிதி நெருக்கடியைக் காரணங்காட்டி நிறுத்தி வைக்கப்பட்டு, 1974-இல் மீண்டு, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. மதுவிலக்குக்கு ஈடாக வந்த விற்பனை வரி பிற்காலத்தில் வேறு பெயர்களில் தொடர்ந்தது. மது வருவாயும் திரும்பி வந்தது. கடைசியில் இரண்டையும் மக்களே செலுத்தலாயினர்.

1953-இல் அதே இராஜாஜி, இருக்கும் கட்டடங்களையும் ஆசிரியர்களையும் கொண்டே இரட்டைத் தொகுதிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று, தொடக்கப்பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தார். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். கணக்கேட்டில் அது சிக்கனமாகத் தோன்றியது. ஆயினும், செத்த மாட்டை அப்புறப்படுத்துவோனின் மகனும், வெட்டியானின் மகனும் பிற்பகலில் எதைப் பழகுவர் என்ற கேள்விக்கு அத்திட்டத்தில் விடையில்லை. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அவரே 1956 முதல் பள்ளிகளில் மதிய உணவைப் பரவச் செய்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரித்தபோது, இவ்வளவு பெருஞ்செலவை மாநிலம் தாங்குமா என்று பொருளாதாரம் கற்றோர் ஐயுற்றனர். 2022-இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. அன்று வீண்செலவு என்று எண்ணப்பட்டது பிற மாநிலங்கள் பின்பற்றும் முன்மாதிரியாயிற்று. பசியால் பள்ளியைத் துறந்திருக்க வேண்டிய எத்தனையோ பிள்ளைகள் அந்தத் தட்டுச் சோற்றால் எழுத்தறிந்தனர் என்பதை, வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த நாம் உறுதியாகக் கூறுவோம்.

2003-இல் நடுவரசும் தமிழக அரசும் பற்றாக்குறைக்கு வரம்பு கட்டும் நிதிப் பொறுப்புச் சட்டங்களை இயற்றின. இது வரவேற்கத்தக்கதே. கடனுக்கு வட்டி கட்டியே கருவூலம் வற்றுமாயின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் ஏது? ஆயினும், வரம்புக்குள் நிற்கும் பொருட்டு எது வெட்டப்படுகிறது என்பதில் நாம் கண்ணாயிருக்க வேண்டும். ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் விடுவதும், விடுதிப் பிள்ளையின் உணவுப்படியை உயர்த்தாமல் விடுவதும், கல்வி உதவித்தொகையைத் தாமதிப்பதும் சட்டமன்றத்தில் விவாதமின்றியே நடந்தேறும் சிக்கனங்கள். வரியைக் கூட்டினால் மறுநாளே கடையடைப்பு நடக்கிறது. உதவித்தொகை ஆறு மாதம் தாமதித்தால் ஒரு மாணவி ஓசையின்றிப் படிப்பை நிறுத்திவிடுகிறாள்.

நாம் செய்யத்தக்கது

இளைஞர்களே, வரவு செலவுத் திட்டம் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் மூன்று கேள்விகளை எழுப்புங்கள்.

முதலாவது, புதிய வருவாய் யாரிடமிருந்து வருகிறது? ஈட்டுவோனின் வலிமைக்கேற்ப வாங்கப்படும் நேர்முக வரியா, உண்போர் உடுப்போர் எல்லாரிடமும் ஒரே விகிதத்தில் வாங்கப்படும் மறைமுக வரியா? “ஏழைகள் வரி கட்டுவதில்லை, சலுகை மட்டும் பெறுகின்றனர்” என்று உங்கள் முகத்துக்கு நேரே எவரேனும் சொன்னால், சோப்பு வாங்கியபோதும் செருப்பு வாங்கியபோதும் கட்டிய வரியைக் கணக்கிட்டுக் காட்டுங்கள்.

இரண்டாவது, அண்ணலின் தராசு. 2023-24-இல் தமிழகத்தில் மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்த வரி வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2024-25 திட்டத்தில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கப்பட்டது 44,042 கோடி. 1927-இல் கண்ட ஏற்றத்தாழ்வு இன்று பெரிதும் குறைந்துள்ளது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அம்மதுப் பணத்தில் நம் சேரிக் குடும்பங்களின் கூலி எவ்வளவு என்று நினைக்கும்போது அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அந்த வருவாயை நம் மக்கள் அரசுக்குத் தராதிருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

மூன்றாவது, நமக்கென ஒதுக்கியது நமக்கே செலவாயிற்றா? 1979-80 முதல் வகுக்கப்பட்ட சிறப்புக் கூறுத் திட்டம், மக்கள்தொகை விகிதத்திற்கேற்பத் திட்ட நிதியில் அட்டவணை வகுப்பினருக்குப் பங்கு வேண்டும் என்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நம் விகிதம் நூற்றுக்கு 20. ஒதுக்கீடு அறிவிக்கப்படுகிறது, செலவாகாத பகுதி ஆண்டிறுதியில் சத்தமின்றித் திரும்பிவிடுகிறது. திருப்பப்பட்ட பணத்தில் எந்த வெட்டும் தெரியாது. ஆயினும் அதுவும் நம்மீது செய்யப்பட்ட சிக்கனமே. இதைத் தணிக்கை அறிக்கைகளில் தேடிப் படிக்கவும், தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டறியவும் கற்ற இளைஞர்களால் இயலும்.

1860-இல் இந்நாட்டின் வரியைப்பற்றி வழக்காடியவர்கள் இரண்டு ஆங்கிலேயர். கூலியாளின் சார்பில் பேச அந்த மன்றத்தில் ஒருவரும் இலர். 1927-இல் நம்மில் ஒருவர் எழுந்து கணக்குச் சொன்னார். அவர் கணக்குக் கற்றிருந்ததனால் சொல்ல முடிந்தது. நம் சங்கம் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக மாலை வகுப்பும் புத்தக உதவியும் நடத்தி வருவதன் நோக்கம் பிள்ளைகள் உத்தியோகம் பெறுவது மட்டுமன்று. அரசின் கணக்கைத் திறந்து வைத்து, இது சரி, இது தவறு என்று சொல்லவல்ல ஆயிரம் பேர் நம் ஊர்களிலிருந்து எழ வேண்டும் என்பதே. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அது கைகூடுக என வாழ்த்தி அமைகிறோம்.